லிஸ்ப் மெஷினா, சாதாரண பிசியா? நிரல் எழுதுகிறவருக்கு எது தோது?

லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கென்றே கட்டிய கணினிதான் லிஸ்ப் மெஷின். மண்டபம் மீன் ஏலக் கணக்கை எடுத்துக்கொள்வோம். படகு, நண்டு, கணவாய், கிலோ, விலை என்று ஒரு வருடத்து வரிகள். எடை இருக்கவேண்டிய கட்டத்தில் யாரோ 'அரை' என்று எழுத்திலேயே அடித்துவிட்டார். நிரல் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

பிசியில் சாதாரணமாக ஓட்டும் பைத்தான் நிரல் பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு முடிந்துபோகும். நிரலைச் செல் செல்லாக, அதாவது துண்டு துண்டாக, ஓட்டும் ஜூபிட்டரில் ஓட்டினால் முந்தைய செல்களின் விடை மிஞ்சும். ஆனாலும் ஒவ்வொரு வரியாக எடுத்துச் சுற்றிவந்து பாதியில் முறிந்த லூப்புக்குள் திரும்ப நுழைய வழியில்லை.

1980-களில் வந்த சிம்பாலிக்ஸ் 3600 லிஸ்ப் மெஷினில் நிரல் சாகாது. பிழை நேர்ந்த இடத்திலேயே, பிழையை ஆராயும் கருவியான டிபக்கர் திறக்கும். எந்த வரி, எந்த மதிப்பு என்று பார்த்து, ஃபங்ஷனை (நிரலின் அந்தத் துண்டை) அங்கேயே திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதன் இயங்குதளமான ஜெனராவும் லிஸ்பில் எழுதியதுதான் என்பதால், தேவைப்பட்டால் அதற்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம். எண்ணா எழுத்தா என்ற சோதனையை 36 பிட் வன்பொருளே செய்துவிடும். நிரல் எழுதுகிறவரின் யோசனை அறுபடாமல் காத்த இயந்திரம் அது. அந்த விஷயத்தில் அதை மிஞ்சியது எதுவுமில்லை என்றே நினைக்கிறேன்.

விலையில்தான் தோற்றது. ஐபிஎம் பிசி 1981-இல் 1,565 டாலரில் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டி அளவிலிருந்த 3600-க்குப் பல பத்தாயிரம் டாலர் வேண்டும். பிசி வேகமெடுத்ததும், 1987 வாக்கில் லிஸ்ப் மெஷின் சந்தை சரிந்தது.

நம் கடற்கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாம்பன், கீழக்கரைப் பக்கம் உப்புக்காற்று கீபோர்டையும் போர்டையும் அரித்துவிடும். லேப்டாப் என்றால் ராமநாதபுரத்தில் கொடுத்துச் சரிபார்க்கலாம். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். ஆகவே வன்பொருளில் பிசிதான், சந்தேகமே இல்லை.

ஆனால் வேலை செய்யும் முறையை லிஸ்ப் மெஷினிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முடித்து வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன். லிஸ்ப் கம்பைலரான எஸ்பிசிஎல், நிரல் எழுதும் எடிட்டரான ஈமாக்ஸ், இரண்டையும் இணைக்கும் ஸ்லைம் மூன்றும் இலவசம். பழைய லேப்டாப்பே போதும். பிழை தேட எவ்வளவு விவரம் வைப்பது என்று சொல்லும் டிபக் அளவை 3 என்று வைத்து கம்பைல் செய்யுங்கள். 'அரை' வரியில் நிரல் நின்றதும் ஃபங்ஷனைத் திருத்தி, கன்ட்ரோல்-சி இரண்டு முறை தட்டி அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். அப்புறம் டிபக்கரில் அந்த ஃபிரேமில் (அந்த ஃபங்ஷன் அழைப்பைக் காட்டும் வரியில்) நின்று 'ஆர்' தட்டினால் அந்த அழைப்பு மட்டும் மறுபடி ஓடும். முன்னால் கூட்டிய தொகை அப்படியே இருக்கும்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. லிஸ்புக்குக் கீழே இருப்பது சி மொழியில் எழுதிய இயங்குதளம். கோளாறு அங்கே என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து திருத்தும் வசதி, ஜெனராவில் இருந்ததுபோல், இன்றைய பிசியில் கிடையாது.