சவரக்கத்தி தீட்டும்போது அதன் முதுகில் டேப் ஒட்டலாமா?

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும்போது வாயும் முதுகும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்கும். கோணத்தைத் தீர்மானிப்பது நம் கை இல்லை, முதுகின் தடிமன். வாய் தேயத் தேய கத்தியின் அகலம் குறையும். முதுகும் கூடவே தேய்வதால் கோணம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். டேப் இல்லாமல் தீட்டுவதன் பலம் இதுதான். கல்லின் பிடிப்பும் கைக்கு நன்றாகத் தெரியும்.

டேப் ஒட்டினால் முதுகு தேயாது, சரி. 0.15 மி.மீ. தடிமனுள்ள இன்சுலேஷன் டேப்பை முதுகின் மேல் மடித்து ஒட்டினால், 16 மி.மீ. அகலக் கத்தியில் கோணம் சுமார் 1 பாகை கூடும். சவரத்தில் அது பெரிதாகத் தெரியாது. தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது: டேப்பும் தேயும். 1000 கிரிட் கல்லில் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) தேய்ந்த டேப்போடு 8000 கிரிட் கல்லுக்குப் போனால் கோணம் இறங்கிவிடும். கல் வாயின் நுனியைத் தொடாமல் சற்றுப் பின்னால் உரசிக்கொண்டிருக்கும். அதனால் கல் மாறும்போது டேப்பும் மாற வேண்டும். ஒருமுறை டேப்போடு தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் தீட்டினாலும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் வாயோரம் மார்க்கர் மையைத் தடவி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நுனியில் மை மிச்சமிருந்தால் கல் அங்கே படவில்லை.

தினமும் சவரம் செய்யும் கத்திக்கு டேப் வேண்டாம் என்பதே என் கட்சி. முதுகில் தங்க முலாமோ செதுக்கு வேலைப்பாடோ உள்ள பழைய சோலிங்கன் (ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர்) கத்தி என்றால், யோசிக்காமல் ஒட்டுங்கள். வாய் சில்லுச் சில்லாக உடைந்துபோய் நிறையத் தேய்க்க வேண்டிய கத்திக்கும் அப்படியே.