வீடியோ டாக்டர் வேறு, வீட்டில் வைக்கிற பெட்டி வேறு

அம்மாவின் எடை, பிரஷர் எண்களை வீட்டிலிருந்தே நர்ஸுக்கு அனுப்பும் பெட்டி ஒன்றை, மாதச் சந்தாவில் கண்காணிப்புச் சேவையாக எடுத்திருக்கிறோம். அதைப் பற்றி ஆபீஸில் நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "டாக்டர்தான் போன்லயே இலவசமா கிடைக்கிறாரே, இதுக்கு எதுக்குத் தனியா காசு?" நியாயமான கேள்வி. இரண்டையும் பயன்படுத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது. நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். நான் காட்பாடிக்கு வேலைக்குப் போகிறவள், பகலில் அம்மா தனிதான். வேலூரில் இதய டாக்டரைப் பார்க்கப் போனால் பஸ், சீட்டு, காத்திருப்பு என்று ஒரு நாள் லீவு காலி.

முதலில் இ-சஞ்சீவனி. மத்திய அரசின் சேவை, பைசா கிடையாது. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கிற வசதியாக வந்தது. மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும், டோக்கன் வரும், வரிசை நகர்ந்ததும் திரையில் டாக்டர் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். ஒருமுறை அம்மாவுக்குக் கால் வீங்கினபோது, அந்த டாக்டரம்மா என்னையே கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். விரலை எடுத்ததும் விழுந்த குழியை கேமரா முன் காட்டச் சொன்னார். குழி உடனே மேலே வரவில்லை. "இது நீர்தான், அவங்க இதய டாக்டரை நாளைக்கே பாருங்க" என்றார். நேரில் தொட முடியாதவர் என் விரலைக் கடன் வாங்கிப் பார்த்துவிட்டார். அதற்கு என் முழு மதிப்பெண்.

ஆனால் அந்த டாக்டரை அழைத்தது நான். வீக்கம் என் கண்ணில் பட்டதால் அழைத்தேன். பட்டிருக்காவிட்டால்? அம்மாவிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "எனக்கு இன்னாடி, நல்லாத்தான் கீறேன்." அழைப்பு முடிந்ததும் அந்த டாக்டரின் பார்வையும் முடிந்துவிடும். அடுத்த முறை வேறு டாக்டர், கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். இன்னொன்று: 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி போதை மருந்து வகைகளை இப்படி எழுதித் தரக்கூடாது. அதனால் எல்லா மாத்திரையும் இதிலேயே வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

அழைக்காமலே பார்க்கிற வேலைக்குத்தான் பெட்டி. தனியார் கம்பெனி ஒன்றுடையது, பெயர் வேண்டாம். மாதம் 1,500 ரூபாய், முன்பணம் தனி. பிரஷர் பார்க்கிற கருவி, எடைமெஷின், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், இவை மூன்றும் ப்ளூடூத்தில் பேசுகிற ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு சிம். காலையில் அம்மா எடை பார்த்தால் அந்த எண் நேரே நர்ஸுக்குப் போய்விடும், எனக்கும் மொபைலில் வரும்.

மூன்றில் எடைமெஷின்தான் முக்கியம் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் தேங்கும். மூச்சு வாங்குவதற்குச் சில நாள் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் சொல்லுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த வாரம் அப்படித்தான் ஏறியது. நர்ஸ் அம்மாவுக்கே போன் போட்டு, "ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஏதாவது சாப்டீங்களா பாட்டி?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மூன்றையும் ஒப்புக்கொண்டார்! அந்த உப்புதான் நீரைத் தேக்கியிருக்கிறது. டாக்டர் நீர் மாத்திரையைச் சில நாளைக்குக் கூட்டிக் கொடுத்தார், எடை இறங்கிவிட்டது. அந்த நேரம் காலில் வீக்கமும் இல்லை, அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவும் இல்லை. வீடியோ டாக்டரை அழைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

குறைகளுக்கு வருகிறேன். எங்களுடையது பழைய தறி வீடு. குழித்தறி இருந்த இடத்தை மூடி சிமெண்ட் பூசியதால் தரை எங்கேயும் சமமில்லை. மெஷினைக் கூடத்தில் வைத்தால் ஓர் எடை, சமையலறையில் வைத்தால் இன்னொன்று. பொருத்த வந்த பையன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கடப்பைக் கல்லை வாங்கிச் சமமாகப் போட்டபிறகுதான் சரியானது. பிரஷர் பட்டையும் அம்மாவின் ஒல்லிக் கைக்குத் தொளதொளவென்று இருந்தது. பட்டை பெரிதாக இருந்தால் பிரஷர் குறைத்துக் காட்டும். கேட்டபிறகு சின்ன பட்டை அனுப்பினார்கள், அது சரி.

பெரிய குறை வேறு. ஒருநாள் தங்கை மகன் எடைமெஷின் மேல் ஏறி நின்று விளையாடிவிட்டான். நிமிஷத்தில் போன்: "உங்க அம்மா எடை 19 கிலோன்னு காட்டுதே மேடம்?" சிரித்துவிட்டு வைத்தோம். அதே கம்பெனிதான், ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆக்சிஜன் 88 என்று சிவப்பில் காட்டியபோது பேச்சுமூச்சில்லாமல் இருந்தது. அம்மாவின் கை ஜில்லென்று இருந்தது. தேய்த்துச் சூடாக்கி, உட்காரவைத்து மறுபடி மாட்டினால் 96. நல்லவேளை. திங்கள் காலை பத்து மணிக்குமேல்தான் விசாரித்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், கண்காணிப்பு திங்கள் முதல் சனி வரை, ஒன்பது முதல் ஆறு வரை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் மட்டும் 'எந்நேரமும்'.

சந்தா கட்டுவதற்கு முன் கொஞ்சம் படித்திருந்தேன். ஜெர்மனியில் 1,571 இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வீட்டிலிருந்து எண்களை அனுப்பியவர்கள் ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் குறைந்தன, இறப்பும் குறைந்தது. ஆனால் அங்கே பெர்லினில் டாக்டர்களும் நர்ஸுகளும் 24 மணி நேரமும் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2010-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், நோயாளிகள் தினமும் தானியங்கித் தொலைபேசியில் அறிகுறியையும் எடையையும் சொன்னார்கள். அதில் பெரிய பலன் கிடைக்கவில்லை. ஆகவே கருவியின் பிராண்டை விசாரிக்காதீர்கள், ராத்திரி யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் வெறும் பிரஷரும் சுகருமா? எனக்குத் தெரிந்து இந்தச் செலவு வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா, அம்மாவின் முகத்தைப் பார்த்தே "என்னம்மா, ராத்திரி தூங்கலயா?" என்று கேட்பார். சந்தேகம் வந்தால் இ-சஞ்சீவனி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து இப்போதுதான் வீடு திரும்பிய இதய நோயாளி என்றால் பெட்டி எடுக்கலாம், முதல் சில மாதங்களுக்காவது.

பெட்டிக்கு நான் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். ஞாயிற்றுக்கிழமையையும் சேருங்கள் என்று எழுதிக் கேட்டேன், அதற்குக் கூடுதல் திட்டம் இருக்கிறதாம், கூடுதல் காசாம். தங்கையும் நானும் பாதிப் பாதி போட்டுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் எந்தக் கம்பெனி சிம் என்று கேட்டு, அது உங்கள் வீட்டில் எடுக்கிறதா என்று பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள். முன்பணத்துக்கு ரசீது தனியாக வாங்குங்கள், மாதச் சந்தாவோடு சேர்த்து ஒரே பில்லாகத் தரப் பார்ப்பார்கள்.