சாமுராய் கவசம் வாங்கப் போகிறவர்கள் என் ரசீதை ஒருமுறை படித்துவிடுங்கள்

போன வருடம் மார்ச் மாதம் கியோட்டோவில் ஒரு பழம்பொருள் கடையில் 6,80,000 யென் கொடுத்து ஒரு சாமுராய் கவசம் வாங்கினேன். தலை, முகம், மார்பு, தோள், கை, தொடை, முழங்கால் என்று ஒன்று விடாமல் முழு செட். வைத்துக்கொள்ளக் கறுப்பு மரப்பெட்டியும் உண்டு. இதில் நான் கொடுத்த காசுக்கு ஓரளவாவது பொருந்துவது தலைக்கவசம் மட்டும்தான் என்பது ஏழு மாதம் கழித்துத் தெரிந்தது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் வக்கீல் செலவு, அதோடு அந்த ஒரு கடையில்தான் இப்படி நடக்கும் என்று நீங்களும் நினைத்துவிடுவீர்கள்.

ஒசாகாவில் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் அங்கே இருக்கும் சிவப்புக் கவசங்களைக் காட்டி விளக்கம் சொல்வது என் வழக்கம். சொல்லிச் சொல்லி எனக்கே விஷயம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த அரைகுறை அறிவுதான் வினை.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கிரீன் டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். ‘செகிகஹாரா காலத்துப் பொருள்’ என்றார். 1600-இல் நடந்த பெரும்போர் அது. மார்புத் தகட்டில் ஒரு குழி இருந்தது. அதன் மேல் என் விரலைப் பிடித்து வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். துப்பாக்கிக் குண்டு என்று நானே நினைத்துக்கொண்டேன். தலைக்கவசத்தின் இரு பக்கமும் மூன்று இலைச் சின்னம். நம் ஊர் புளியாரை இலைதான், ஜப்பானில் கதபாமி என்பார்கள். ‘சக்காய் குடும்பம் தெரியுமா?’ என்று கேட்டார். தெரியும், பெரிய பிரபுக் குலம். நான் தெரியும் என்றதும் மறுபடி தலையாட்டல்.

கவசத்தின் முன்னால் ஓர் அட்டை. என் ஜப்பானிய மொழி அறிவை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘தென், சக்காய் குடும்பத்தார் அணிந்தது. மியோசின் நொபுஇயே பெயர் பொறித்த தலைக்கவசம். எடோ காலம். உபுதாஷி.’ ‘தென்’, ‘உபுதாஷி’ இரண்டும் ஜப்பானியச் சொற்கள். அவற்றின் பொருளும், எடோ காலம் எது, நொபுஇயே யார் என்பதும் பின்னால் வரும்.

ரசீதில் எழுதியது: ‘பழைய கவசம், ஒன்று. அலங்காரப் பொருள். பார்த்துத் திருப்தியடைந்து வாங்கியது, திருப்பி எடுக்கப்படாது.’

வாயால் சொன்னது போர்க்களம், அட்டையில் இருந்தது குடும்பப் பெயர், ரசீதுக்கு வரும்போது அது வரவேற்பறை அலங்காரம். அன்றே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் பர்ஸை மூடிக்கொண்டு வந்திருப்பேன். படிக்கவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழம்பொருள் வியாபார உரிமத்தைப் பார்த்து, அரசாங்கமே அத்தாட்சி கொடுத்த கடை என்று நம்பிவிட்டேன். அந்த உரிமம் திருட்டுப் பொருள் கைமாறாமல் இருக்கப் போலீஸ் வழியாகத் தருவது. பொருள் அசலா போலியா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அக்டோபரில் தோள் கவசத்தின் கயிறு ஒரு பக்கம் விட்டுப்போனது. பழைய கவசங்களைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் கையில் இருந்தது ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், அவ்வளவுதான்.

முதலில் முழங்கால் கவசத்தில் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் விழுந்தது. அலுமினியம். கியோட்டோவில் 1895-இல் தொடங்கிய ஜிதாய் மத்சுரி என்ற சரித்திர ஊர்வலம் அக்டோபரில் நடக்கிறது, உசுமசா பக்கம் சினிமா ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. அப்படி ஏதோ ஒன்றுக்காகச் செய்த சாமான் இது என்றார். முகமூடியைத் திருப்பி உள்துணியை நகர்த்தினார். மூக்கைப் பிடித்திருந்தது ஒரு பிளஸ் ஸ்க்ரூ. அந்த வகை ஸ்க்ரூவே இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தோள் கவசம் பழைய தோல், அசல்தான், ஆனால் வேறு யாரோ ஒருவருடைய செட்டிலிருந்து வந்தது. கயிறு நைலான். கயிறு மாற்றியதைக் குறையாக அவர் சொல்லவில்லை. பட்டுக் கயிறு இற்றுப்போகும், மாற்றத்தான் வேண்டும். மாற்றியதைச் சொல்லி விற்க வேண்டும், அதுதான் விஷயம். மார்புத் தகடு எடோ காலத்தின் கடைசிப் பகுதி. குழிக்குள் இருந்த பூச்சு மட்டும் புதிது. உருண்டை முனையுள்ள ஏதோ ஒன்றை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

தலைக்கவசத்தைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது. 62 தகடுகளை வரிசையாக அறைந்து செய்த வேலை. நடு எடோ காலத்தது, நல்ல கைவேலை என்றார். உள்ளே பின்பக்கம் இருந்த நொபுஇயே பெயரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ‘இந்தப் பெயரைப் பொறிக்காமல் விட்டிருந்தால் இன்னும் நல்ல விலை போயிருக்கும்’ என்றார். நொபுஇயே 16-ஆம் நூற்றாண்டின் பேர்போன கவசக் கொல்லர். அவர் பெயரைப் பிறகு வந்தவர்கள் பொறித்து வைத்த தலைக்கவசங்கள் ஏராளம். இது நேற்று முளைத்த மோசடியும் இல்லை. எடோ காலத்திலேயே கவசக் கொல்லர் குடும்பமான மியோசின் வீட்டார் பழைய தலைக்கவசங்களைத் தங்கள் மூதாதையர் வேலை என்று சொல்லிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து வந்தார்கள். வம்சாவளியையும் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டார்கள். ஆகவே ‘300 வருடப் பழைய சான்றிதழ் கூடவே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், பொய்யும் 300 வருடப் பழசாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு செட்டுக்கும் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். 2,00,000 யெனுக்கு மேல் போக மாட்டேன், அதுவும் தலைக்கவசத்துக்காக என்றார்.

எனக்கு எரிச்சல் விலையில்கூட இல்லை. அட்டையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான். ‘தென்’ என்றால் ‘அப்படிச் சொல்வார்கள்’ என்று பொருள். நம் கோயில் பலகைகளில் ‘என்பது ஐதீகம்’ என்று முடிப்பார்களே, அதேதான். அருங்காட்சியகங்களும் இதே எழுத்தைப் போடுகின்றன, அங்கே அது நேர்மையான எச்சரிக்கை. கடையில் அது தப்பிக்கும் வாசல். ‘பெயர் பொறித்த’ என்றால் பெயர் இருக்கிறது, அவ்வளவே. அவர் செய்தது என்று எங்கே எழுதியிருக்கிறது? எடோ காலம் என்பது 1603 முதல் 1868 வரை, இரண்டரை நூற்றாண்டுக்கு மேல். 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்தது, 1638-இல் ஷிமாபாரா கலகம் அடங்கியது. அதற்கப்புறம் இரண்டு நூற்றாண்டுக்குப் பெரிய போர் என்று ஒன்றும் இல்லை. இன்று சந்தைக்கு வரும் கவசங்களில் பெரும்பாலானவை அந்த அமைதிக் காலத்தில் ஊர்வலத்துக்கும் அந்தஸ்துக்கும் செய்தவை. சண்டைக்கு உதவாத ஆடம்பரக் கவசம் செய்கிறார்கள் என்று கவசங்களைப் பற்றி எழுதிய சகாகிபாரா கோசான் 1800-லேயே குறைப்பட்டிருக்கிறார். அந்தக் கவசங்கள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை, சில அத்தனை அழகு. ஆனால் அவற்றுக்குப் போர்க்கள விலை கேட்பானேன்?

புளியாரைச் சின்னமும் அப்படித்தான். சக்காய் குலத்தினர் பயன்படுத்தியது உண்மை. ஜப்பானில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குடும்பச் சின்னங்களில் அதுவும் ஒன்று என்பதும் உண்மை. ‘உபுதாஷி’ என்றால் பழைய வீட்டிலிருந்து நேராக வெளியே வந்தது. எந்த வீடு என்று கேளுங்கள், தனியுரிமை என்று பதில் வரும். 1868-க்குப் பிறகு சாமுராய் வர்க்கமே கலைந்து, 1876-இல் வாள் அணியவும் தடை வந்தபோது கவசங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. வெளிநாட்டாருக்கு விற்பதற்காகக் கைக்குக் கிடைத்த பாகங்களைச் சேர்த்து முழு செட் ஆக்குவது அப்போதே நடந்தது. அதனால் பழைய வீட்டிலிருந்து வந்தாலும் ஒரே செட்டாக இருக்கும் என்று இல்லை.

இணைய ஏலத்தில் வாங்கலாமே என்கிறீர்களா? அங்கே எல்லாரும் ‘எனக்கு இதைப் பற்றித் தெரியாது, தாத்தா வீட்டுக் கொட்டடியில் கிடைத்தது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று எழுதுவார்கள். தாத்தாக்கள் இத்தனை கவசங்களை எங்கிருந்துதான் சேர்த்தார்களோ!

வாளுக்காவது ஜப்பானில் பதிவுச் சீட்டு கட்டாயம். கவசத்துக்கு அப்படி ஒரு காகிதமும் தேவையில்லை, அதனால் கடைக்காரர் சொல்வதுதான் கதை. நாமே கடைக்கு நடந்துபோய் வாங்கினால் வாங்கியதைச் சில நாளுக்குள் ரத்து செய்யும் கூலிங்-ஆஃப் உரிமையும் கிடையாது. மறுபடி வாங்கினால் (மனைவி இந்த வரியைப் படிக்க வேண்டாம்) நான் ஒன்றுதான் கேட்பேன். எந்தப் பாகம் எந்தக் காலம், எல்லாம் ஒரே செட்டா, கயிறும் பூச்சும் எப்போது புதுப்பித்தது, தவறென்று தெரிந்தால் பணம் திரும்புமா, இவ்வளவையும் ரசீதில் எழுதித் தாருங்கள் என்பேன். விலை பெரிதாக இருந்தால் ஜப்பானியக் கவசங்களை ஆராய்ந்து பாதுகாக்கும் நிஹோன் கச்சு புகு கென்கியூ ஹோசோன்காய் அமைப்பின் மதிப்பீட்டுச் சான்று இருக்கிறதா என்றும் கேட்பேன். உள்பக்கம் காட்டத் தயங்கினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

பழுது பார்ப்பவர் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. முழுக்கப் படித்துவிட்டு, ‘தென் என்று எழுதியிருந்தேனே’ என்றார். வேண்டுமானால் 1,50,000 யெனுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. தலைக்கவசம் இப்போது என் புத்தக அலமாரியின் மேல் தனியாக இருக்கிறது, மற்றதெல்லாம் பெட்டிக்குள்.

போன மாதம் அந்தத் தெரு வழியாக வரும்போது கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு கவசம் நிற்பதைப் பார்த்தேன். சிவப்புக் கயிறு. முன்னால் அதே கையெழுத்தில் அட்டை. முதல் எழுத்து ‘தென்’, குடும்பப் பெயர் மட்டும் வேறு.