செகண்ட் லைன் பீச்சில் ஒரு அத்தோ வண்டி: இறால் பொடி கேட்டு வாங்குங்கள்

பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலமானால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன், எந்த வண்டியில் சாப்பிட்டாலும் ருசி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். போன மாசம் ஒரு வண்டியில் சாப்பிட்டது மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்த வண்டிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடியில் பீலிக்கான் முனீஸ்வரர் படம் ஒட்டியிருக்கும், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா நின்று கலக்கிக்கொண்டிருப்பார், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மற்ற வண்டிகளில் நூடுல்ஸ் கேசரிப் பவுடர் நிறத்தில் கண்ணைப் பறிக்கும், இவரிடம் லேசான மஞ்சள்தான். ஒரு கை நூடுல்ஸை எவர்சில்வர் பேசினில் போட்டு, மெலிசாகச் சீவிய கோஸ், பச்சை வெங்காயம், உப்பு, வறுத்த கடலை மாவு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய் இரண்டு கரண்டி. பிசைவது என்றால் அழுத்திப் பிசைவதில்லை, விரல்களை விரித்து அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போடுகிறார், ஒரு இழைகூட அறுந்துபோகாமல் எல்லாவற்றிலும் எண்ணெயும் புளியும் ஏறிவிடுகிறது. மேலே பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பொரிப்பு). அதைத் தட்டில் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்து, "இறால் பொடி போடட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அப்பத்தா வீட்டில் அத்தோ செய்யும்போது காய்ந்த இறாலை வறுத்து அம்மியில் நுணுக்கிப் போடும், கடைகளில் இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"அக்கா, நீங்க எந்த ஊரு?" என்றேன். "மோரே" என்றார்.

மோரே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணிப்பூரில், இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் போனால் பர்மா எல்லையை ஒட்டி இருக்கும் ஊர், கேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் தமு. அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது எங்கள் குடும்பத்துக் கதையும்தான்.

அப்பத்தா பிறந்தது 1938இல், ரங்கூனில். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன கூலியின் மகள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு நடக்க ஆரம்பித்தார்கள், வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். நாலு வயசு அப்பத்தா தன் அப்பா தோளில் உட்கார்ந்து தமு வழியாக இம்பால் வந்தது. சண்டை முடிந்ததும் 1946இல் மறுபடியும் ரங்கூன், ஏனென்றால் ராமநாதபுரத்தில் அவர்களுக்கு மழையும் இல்லை, நிலமும் இல்லை. அப்புறம் 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார், 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாசம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது கழுத்தில் தாலிக்கயிறு மட்டும்தான் இருந்தது, தங்கத்தை ரங்கூன் துறைமுகத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று அப்பத்தா சொல்லும்.

கூட வந்த தம்பிக்கு அப்போது 17 வயசு. முகாமில் கொஞ்ச நாள் இருந்தார், மூட்டை தூக்கினார், இந்த ஊர் அவருக்கு ஒட்டவே இல்லை. ஒரு நாள் நாலைந்து பையன்களோடு ரயிலேறி அஸ்ஸாம் போய், அங்கிருந்து இம்பால், அங்கிருந்து எல்லை. எப்படியாவது பர்மாவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். 1942இல் குடும்பம் எந்தப் பாதையில் செத்துப் பிழைத்து நடந்து வந்ததோ அதே பாதையில் இவர் திரும்பி நடக்கப் பார்த்திருக்கிறார். பர்மா ராணுவம் உள்ளே விடவில்லை. அப்படி விரட்டப்பட்டவர்கள் ஊர் திரும்ப மனசில்லாமல் எல்லையிலேயே குடிசை போட்டார்கள், மோரேயில் தமிழர்கள் சேர்ந்தது இப்படித்தான். அவர் அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே இறந்தும்போனார். அப்பத்தா அவரை அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்த அக்காவின் அப்பாவும் அதே மாதிரி போனவர். 1990களில் மோரேயில் நடந்த மோதல்களுக்குப் பிறகு இவர்கள் வியாசர்பாடிக்கு வந்துவிட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தட்டில் ருசி வேறாக இருப்பதற்குக் காரணமே இதுதான். 1960களில் நேராகச் சென்னைக்கு வந்தவர்கள் இங்கே கிடைத்ததை வைத்து அத்தோ செய்தார்கள், வாங்குகிறவர்களுக்கு நாப்பி (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) வாடையும் இறால் வாடையும் பிடிக்காததால் அதெல்லாம் கழன்றுகொண்டது. மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடும் மொய்ங்காவும் மீன் போய் வாழைத்தண்டு சூப்பு ஆகிவிட்டது. மோரேக்காரர்களுக்கு முப்பது வருஷம் தமுவிலிருந்து சாமான் வந்துகொண்டே இருந்தது, அதனால் அவர்கள் கையில் பழைய பக்குவம் மாறவில்லை. முன்பெல்லாம் பொடியை அக்காவின் அண்ணன் மோரேயிலிருந்து அனுப்புவாராம். 2023 மணிப்பூர் கலவரத்துக்குப் பிறகு அவரும் குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்டார், இப்போது காசிமேட்டில் வாங்கிக் காயவைத்து வறுத்துப் பொடிக்கிறார்கள். "இது அந்த வாசம் இல்ல தம்பி, அது ஆத்து இறால்" என்று அவரே சொன்னார்.

விலை விவரம்: அத்தோ 80 ரூபாய், முட்டை மசாலா ஒன்று 20. முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயமும் புளியும் அடைத்து எண்ணெய் விட்டுத் தருவார், அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சூப்பு எத்தனை தடவை கேட்டாலும் இலவசம், ஒரு நாள் மட்டும் உப்புக் கரித்தது. உட்கார இடம் கிடையாது, சாக்கடை ஓரமாகத்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு தட்டாகக் கலக்குவதால் இருபது நிமிஷமாவது காத்திருக்க வேண்டும், அவசரக்காரர்கள் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவது நல்லது. பார்சல் வாங்கினால் பேஜோவையும் புளித்தண்ணீரையும் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், முதல் தடவை நான் சொல்லாமல் விட்டு வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஊறிக் களியாகிவிட்டது.

இரண்டாம் தடவை ஒழுங்காக வாங்கிக்கொண்டு போய் அப்பத்தாவிடம் கொடுத்தேன். 87 வயசு, பல் இல்லை. ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே எடுத்து மெதுவாக மென்றது. "ரங்கூன்ல வெறும் அத்தோன்னு சொல்ல மாட்டோம், கவ்ஸ்வே தோன்னு சொல்லணும்" என்று திருத்தியது. புளி கொஞ்சம் கம்மியாம். பொட்டலத்தில் மிச்சம் ஒட்டியிருந்த கடலை மாவை விரலால் வழித்து முடித்தபிறகுதான், "அந்தப் பிள்ளை மோரேன்னா என் தம்பியைத் தெரிஞ்சிருக்குமாடா?" என்று கேட்டது.

மறுநாளே போய்க் கேட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை, பெயர் சொல்லியும் நினைவு வரவில்லை. "எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், பாட்டிகிட்ட போட்டோ எதுவும் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். ரங்கூனில் ஒரு ஸ்டூடியோவில் அக்காளும் தம்பியும் நின்று எடுத்த படம் ஒன்று அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். நீங்கள் போவதாக இருந்தால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் பொடி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.