லண்டன் வாங்குநரைச் சரிபார்க்க: கைத்தேடலா, ஏபிஐயா?

கிளிநொச்சியிலிருந்து பனங்கட்டியும் ஒடியல் மாவும் அனுப்புகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. பிரித்தானியக் கம்பனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸையே எடுத்துக்கொள்வோம். கைத்தேடல் என்றால் அதன் இணையத்தளத்தில் நாமே தட்டித் தேடுவது. ஏபிஐ என்றால் நமது கணினி நிரல் அந்தப் பதிவகத்திடம் நேரடியாகக் கேட்டுத் தகவல் எடுக்கும் வழி.

செலவு: இரண்டும் இலவசம். ஏபிஐக்கு நிரல் எழுத ஆள் வேண்டும்.

வேகம்: கையால் ஒவ்வொன்றாகத்தான். ஏபிஐயில் 5 நிமிடத்துக்கு 600 கோரிக்கை வரை.

பிழை: கம்பனி இலக்கம் 8 எழுத்து. எக்செல் அட்டவணை அதன் முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிட்டால், ஏபிஐ அப்படியொரு கம்பனியே இல்லை என்றுவிடும். கையால் தேடினால் பெயரை வைத்துப் பிடித்துவிடலாம். இரண்டிலும் 'இயங்குகிறது' என்று வந்தால், பதிவு உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். காசு தருவார் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

எப்போதாவது ஒரு புது வாங்குநர் என்றால் கைத்தேடலே போதும். பட்டியல் நீளமான கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏபிஐதான் சரி. நம்மூர்த் தனியாள் கடைகளுக்கு இரண்டும் உதவாது. அந்தப் பதிவு பிரதேச செயலகத்தில், சான்றிதழையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.