மத்தங்காய்ப் பிஞ்சுக்கு உறையா, பொறியா?

வீட்டு விளையில் (தோட்டத்தில்) நாலு மூடு மத்தன் (பரங்கி) நட்டால் சிவப்பு வண்டு, புள்ளி வண்டு, அசுவினி, இலைப்புழு என்று வரிசையாக ஆள் வரும். இவையெல்லாம் இலையைத் தின்னும் அல்லது சாற்றை உறிஞ்சும், கொடியைச் சோர்த்துவிடும்; நல்ல எருவும் தண்ணீரும் கிடைத்த கொடி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். காயை மொத்தமாகக் கொண்டுபோவது பழ ஈதான். ஆகவே இங்கே பழ ஈக்கு எதிரான நாலு வழிகளைத்தான் ஒப்பிடுகிறேன்: பிஞ்சுக்கு உறை போடுவது, கியூலூர் என்ற மணப்பொருளால் ஈயை இழுக்கும் பொறியைத் தொங்கவிடுவது, பழமோ கருவாடோ வைத்த இரைப் பொறி, வேப்பெண்ணெயோ கடை மருந்தோ தெளிப்பது. நான் உறைக் கட்சி. அந்த முடிவுக்கு வரவைத்தது பக்கத்து விளை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. உதிர்ந்த பிஞ்சை எல்லாம் ஈயின் கணக்கில் எழுதக் கூடாது. பெண் பூ விடியற்காலையில் மலர்ந்து நடுப்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் பூவுக்கு அடியில் இருக்கும் உருண்டை மஞ்சளித்து, சுருங்கி, நாலைந்து நாளில் உதிரும். மழைக்காலையில் தேனீ வராது, அதனால் இது சாதாரணமாக நடப்பது. ஈ குத்திய பிஞ்சின் அடையாளம் வேறு: தோலில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அதில் பிசின் துளி, சுற்றிலும் பழுப்பு. குத்துப்பட்ட பக்கம் வளர்ச்சி நின்று காய் கோணலாகும். பிளந்தால் வெள்ளைப் புழு நெளியும். முற்றிய புழுவை வெளியே போட்டால் வளைந்து துள்ளும். முதல் வகை உதிர்வுக்குப் பொறியும் உறையும் உதவாது. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, காலை எட்டு மணிக்குள் பெண் பூவின் நடுவில் தேய்த்துவிடுவதுதான் வழி.

பெண் ஈ பிஞ்சின் தோலுக்கு அடியில் முட்டை வைக்கிறது. ஓரிரு நாளில் புழு பொரிந்து சதைக்குள் போய்விடும். தின்று முடித்ததும் மண்ணில் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூடாகி, அங்கிருந்து ஈயாகக் கிளம்பும். ஆக முட்டையும் புழுவும் காய்க்குள்ளே, கூடு மண்ணுக்குள்ளே. தெளிக்கும் எதுவும் எட்டக்கூடியது பறந்து திரியும் ஈயை மட்டும்தான். வேப்பெண்ணெய் இங்கே தோற்பது இதனால்தான். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலங்கிச் சேர்வதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பது அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் நல்ல வைத்தியம். பழ ஈயைக் கொஞ்சம் தயங்கவைக்கும், அவ்வளவே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஒரு நல்ல மழையில் தெளித்தது கழுவிப் போய்விடும். போதவில்லை என்று அளவைக் கூட்டினால் இளம் இலை கருகும்.

கடை மருந்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மத்தன் இலையும் பூவும் தோரனுக்கு (பொரியலுக்கு) பறிக்கிற வீட்டில், ‘அடித்தபின் இத்தனை நாள் பறிக்காதே’ என்ற விதியை யார் பார்ப்பார்கள்? மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தேனீப் பெட்டி வேறு நிறைய. காலையில் பூ விரிந்திருக்கும்போது அடித்தால் தேனீயும் போகும், காய்ப்பிடிப்பும் போகும். தாமிர மருந்துத் தூளையும் கந்தகத் தூளையும் பூசணி வகைக் கொடிகளில் தூவவே கூடாது, இலை பொசுங்கிவிடும்.

கியூலூர் பொறி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் ஏமாற்றம் கடையிலேயே நடக்கிறது. ‘பழ ஈ லூர்’ என்று பொதுவாகக் கேட்டால் மாம்பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் கட்டையை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். மத்தன், பாகல், புடல், வெள்ளரியைக் குத்துகிற ஈ அதற்கு வராது. அதற்குக் கியூலூர்தான் வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருப்பதை வாசித்து வாங்க வேண்டும். சரியானதை வாங்கி, கொடிக்குப் பக்கத்தில் இடுப்புக்கு மேல் உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் தொங்கவிட்டால் சில நாளில் டப்பாவின் அடியில் ஈக்கள் குவியும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் செத்தது அத்தனையும் ஆண் ஈ. கியூலூரின் மணம் பெண்ணை இழுக்காது, காயைக் குத்துவதோ பெண்.

ஆண்களைக் கொன்றால் பெண்கள் கருவுறாமல் போகும் என்பதுதான் இந்தப் பொறியின் கணக்கு. ஒரு ஆண் பல பெண்களோடு கூடும் என்பதால், சுற்றுவட்டாரத்தில் ஆண்களைக் கிட்டத்தட்டத் துடைத்தால்தான் கணக்கு பலிக்கும். ஏக்கருக்குப் பத்துப் பொறி என்று சொல்வது பரந்த தோட்டத்துக்கு. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வீடும் விளையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன: வேலிக்கு அப்புறம் ஒருவர் பந்தலில் பாகல், அதற்கடுத்து புடல், மூலையில் யாரும் கவனிக்காமல் கிடக்கிற கோவைக்கொடி. அங்கேயே கருவுற்ற பெண் ஈ வேலி தாண்டி வந்து உங்கள் பிஞ்சில் குத்தும். உங்கள் பொறி அதை ஒன்றும் செய்யாது. பத்து சென்ட் விளையில் தனியாகத் தொங்கும் ஒரு பொறி காயைக் காப்பாற்றாது. பக்கத்து விளையைப் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்தில் பொறி வைத்து, மாதக்கணக்கில் லூரை மாற்றிக்கொண்டும் இருப்பார்கள் என்றால் நானும் பொறிப் பக்கம் வருவேன். தனி வீட்டுக்கு அதன் உபயோகம் எச்சரிக்கை மணி: டப்பாவில் விழும் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் ஒரு பிஞ்சையும் உறையில்லாமல் விடக்கூடாத நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரைப் பொறி இதைவிட ஒரு படி மேல். முட்டை முதிர்வதற்குப் பெண் ஈக்குப் புரதம் தேவை, அதனால் கருவாட்டு வாசனைக்குப் பெண்ணும் வரும். குளச்சல், முட்டம் கருவாடு கிடைக்கிற ஊரில் சரக்குக்குப் பஞ்சமில்லை. பழைய சிபாரிசில் 5 கிராம் நனைத்த கருவாட்டுத் தூளோடு டைக்குளோர்வாஸ் நனைத்த பஞ்சும் இருக்கும். அந்த மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. அதற்குப் பதிலாகத் தண்ணீரில் சோப்பு. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியில் பென்சில் நுழையும் அளவுக்கு நாலு ஓட்டை, உள்ளே நெத்திலித் தூள் ஒரு கரண்டி, நெல்லிக்காய் அளவு வெல்லம், ஒரு டம்ளர் தண்ணீர், சில சொட்டு பாத்திரச் சோப்பு. கனிந்த பாளையங்கோட்டன் வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டும் செய்யலாம். சிரட்டையில் பழத்துண்டு வைத்து குருணை மருந்தைத் தூவுகிற முறையும் நம் பக்கத்தில் உண்டு. கோழி திரிகிற முற்றத்தில் அது வேண்டாம். இரைப் பொறியின் தொல்லை பராமரிப்பு. நாலைந்து நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால் பூஞ்சை படரும், மழைத்தண்ணீர் புகுந்து கரைசல் நீர்த்துப்போகும். கருவாடு என்றால் பூனையும் வரும்.

இனி உறை. மத்தனுக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், காய் எண்ணிக்கை குறைவு, ஆபத்துக் காலமும் குறைவு. ஒரு மூட்டில் மூன்று நாலு காய் தங்கினாலே நல்ல கொடி. ஈ விரும்புவது மெல்லிய தோலுள்ள பிஞ்சை. தோல் இறுகியபின் அதற்கு வேலை கடினம். ரகத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று வாரம் காவல் காத்தால் போதும். நாள் எண்ணுவதைவிட நகம் நல்ல அளவுகோல்: அழுத்தினால் சுலபமாக இறங்காத நிலை வந்ததும் உறையைக் கழற்றலாம்.

எப்போது போடுவது என்பதில்தான் பிழை நடக்கும். பூ விரியும் முன் மூடினால் மகரந்தம் சேராது. மூன்று நாள் தாமதித்தால் ஈ முந்திக்கொள்ளும். உள்ளே முட்டையோடு மூடிய உறை புழுவுக்குத்தான் பாதுகாப்பு. காலையில் கையால் மகரந்தம் தேய்த்து, மறுநாள் காலை இதழ் வாடியதும் உறை போடுவதே சரி. போடும்முன் பிஞ்சைச் சுற்றிப் பார்த்து, பிசின் துளி இருந்தால் பறித்துவிட வேண்டும்.

துணியில் பழைய வேட்டி, நேரியல் நன்றாக இருக்கும். 35 சென்டிமீட்டர் அகலம், 45 நீளத்தில் பையாகத் தைத்து வாயில் நாடா கோத்தால், பிஞ்சிலிருந்து தேங்காயைவிடப் பெரிதாகும்வரை அதே பை போதும். காம்பைச் சுற்றி இடைவெளியில்லாமல் கட்ட வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது, காம்பு தடிக்கும். துணி பிஞ்சோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கட்டும். கொசுவலைத் துணி காயோடு ஒட்டிவிட்டால் ஈ அதன் கண் வழியாகவே குத்திவிடும். செய்தித்தாள் இரண்டடுக்காக மடித்து பின் அடித்தால் வெயில் காலத்தில் தாராளமாகப் போதும். ஆடி மழையில் இரண்டு நாள் தாங்காது. பிளாஸ்டிக் பை உள்ளே வியர்த்து பிஞ்சை அழுகவைக்கும். தரையில் கிடக்கும் காய் என்றால் அடியில் காய்ந்த கதம்பையோ (தேங்காய் மட்டையோ) ஓலைத்துண்டோ வைக்க வேண்டும். சிவப்பு வண்டின் புழு மண்ணில் இருந்து, தரையைத் தொடும் காயையும் அரிக்கும்.

உறையின் குறை, தினமும் காலையில் கொடியைப் புரட்டிப் பெண் பூ தேட வேண்டும் என்பது. இலைக்கு அடியில் ஒன்று தப்பினால் அதுவே அடுத்த தலைமுறை ஈக்குத் தொட்டில். கூரைமேல் ஏறிவிட்ட தடியங்காய்க்கு (சாம்பல் பூசணிக்கு) இதெல்லாம் நடக்காது. பாகல், புடலுக்கும் நடக்காது. நூற்றுக்கணக்கில் பிஞ்சு, பறிக்கும்வரை இளந்தோல். அந்தப் பந்தலுக்குக் கியூலூரும் இரைப் பொறியும் சேர்த்து வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சுகினி போன்ற புதர் வகைகளை இங்கே போடுபவர்கள் குறைவு. அதைப் பிஞ்சாகவே பறிப்பதால் பறிக்கும்வரை உறை கிடக்க வேண்டியிருக்கும். மத்தன் அளவுக்கு லாபகரமாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் குத்துப்பட்ட காயைத் தென்னை மூட்டிலோ எருக்குழியிலோ வீசக் கூடாது. புழு அங்கேயே மண்ணில் இறங்கிக் கூடாகிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி சில நாள் வெயிலில் வைக்கலாம், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். கொடியின் அடிமண்ணை மேலாகக் கொத்திவிட்டால் கூடுகள் வெளியே வரும்; மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

சிவப்பு வண்டு நாற்றுப் பருவத்துச் சங்கதி. விதையிலை விரிந்ததும் கொசுவலையால் மூடி ஓரத்தில் மண் அணைத்துவிட்டு, கொடி ஓடத் தொடங்கியதும், பூக்கும் முன்பே, எடுத்துவிட வேண்டும். வலை இல்லையென்றால் காலைப் பனியில் வண்டு மந்தமாக இருக்கும்போது பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடலாம். புள்ளி வண்டின் மஞ்சள் முட்டைக்கொத்தை இலையடியில் பார்த்தால் நசுக்கினால் போதும்.

விதைக்கும் மாதத்தை மாற்றினாலே உறை வேலை பாதியாகும். வெயில் 32 டிகிரிக்குக் கீழ் இறங்கி ஈரம் கூடும்போது பழ ஈ பெருகுகிறது. மார்கழிக் கடைசியில் விதைத்தால் மாசி, பங்குனி வறட்சியில் பெண் பூ வரும். அப்போது செய்தித்தாளே போதும். ஆடியில் விதைத்த கொடிக்குத்தான் துணிப் பையைத் தைத்து முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டியது.