தம்ஸ் அப்: உரிமையாளர் மாறிய பிறகும் நிலைத்த காரம்

இந்தியச் சந்தையில் கிடைக்கும் கோலாக்களில் எதை வாங்கலாம் என்று கேட்டால், சுவையை மட்டும் வைத்துத் தம்ஸ் அப் என்றே சொல்வேன். நன்றாகக் குளிர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் குடிக்கும்போது முதல் மிடறிலேயே மூக்குவரை ஏறும் வாயுவும், இனிப்பு அடங்கியபின் அடிநாக்கில் தங்கும் மசாலா நெடியும் வேறு கோலாக்களில் இந்த அளவுக்கு இல்லை. பனிக்கட்டி பாதி கரைந்த பிறகும் அதன் காரம் குறைவதில்லை என்பதால், பிரியாணி போன்ற கனமான உணவோடு இதுவே பொருந்துகிறது. சர்க்கரை மிகுதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்றாடம் குடிப்பதற்கான பானம் அல்ல இது.

ஆனால் பாட்டிலைத் திருப்பி, சிவப்புக் கட்டைவிரல் சின்னத்தைத் தாண்டிச் சிறிய எழுத்துகளைப் படித்தால், அங்கே இருப்பது கோக்க கோலாவின் பெயர். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியதால் 1977இல் அந்த நிறுவனம் நாட்டைவிட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் சௌகான் சகோதரர்களின் பார்லே நிறுவனம் கொண்டுவந்த பானமே தம்ஸ் அப். 1993இல் கோக்க கோலா திரும்பி வந்தபோது தம்ஸ் அப்பையும், அதனுடன் லிம்கா, கோல்ட் ஸ்பாட், சிட்ரா, மாசா ஆகிய பானங்களையும் விலைக்கு வாங்கிவிட்டது. பெயர்களைவிட மதிப்பு மிக்கதாக, நாடெங்கும் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஆலைகளின் வலையமைப்பும் அந்த வணிகத்தின் வழியே அதற்குக் கிடைத்தது. புதிதாக நுழையும் எவருக்கும் அதைக் கட்டியெழுப்பப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

வாங்கியவரிடம் ஏற்கெனவே ஆரஞ்சுச் சுவையுள்ள ஃபான்டா இருந்தது, அதனால் அதே சுவையுள்ள கோல்ட் ஸ்பாட் மறைந்தது. எலுமிச்சைச் சுவையுள்ள ஸ்பிரைட் இருந்தது, அதே வகையான சிட்ரா மறைந்தது. சொந்தக் கோலாவும் இருந்தது, ஆனாலும் தம்ஸ் அப்பை ஓரங்கட்ட முடியவில்லை. ஏனெனில் அதைக் கைவிட்டால் அதன் வாடிக்கையாளர்கள் பெப்சியிடம் போய்விடும் அபாயம் இருந்தது. 2021இல் தம்ஸ் அப்பின் ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியது. அந்நிய முதலீடு உள்ளூர்ப் பொருளை வளர்க்குமா, அழிக்குமா என்ற கேள்விக்கு ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு விடைகளும் கிடைத்திருக்கின்றன என்பதைப் பொருளாதாரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். முதலீட்டாளரின் நல்லெண்ணத்தை நம்பித் தம்ஸ் அப் பிழைக்கவில்லை; குடிப்பவர்களின் பிடிவாதமே அதைக் காப்பாற்றியது. கோல்ட் ஸ்பாட்டின் ஆரஞ்சுச் சுவையை விரும்பியவர்களுக்கு அந்த வலிமை வாய்க்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2024 டிசம்பரில், கோக்க கோலாவின் பானங்களை இந்தியாவில் பாட்டிலில் அடைக்கும் நிறுவனத்தின் தாய்நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கை ஜூபிலண்ட் பார்தியா என்ற இந்தியக் குழுமம் வாங்கப்போவதாக அறிவிக்கப்பட்டது. ஆலைகளில் இந்தியப் பங்கு கூடினாலும் தம்ஸ் அப் என்ற பெயரின் உரிமை அமெரிக்க நிறுவனத்திடமே நீடிக்கிறது.

உரிமை உள்ளூரிலேயே இருக்கவேண்டும் என்று கருதுபவர்களுக்கு, 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ இருக்கிறது. திராட்சை மணமும் கூடுதல் மென்மையும் கொண்ட அது தம்ஸ் அப்பின் காரத்துக்கு ஈடாகாது; ஆனால் வெறுமனே குளிரக் குடிப்பதற்கு நான் அதையே எடுப்பேன்.